உப்புக்கு இருந்த கணக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். தேவாரத் தலமான திருக்கிளியன்னவூர் இதுதான். ஊரைச் சுற்றி ஏரியையும் கிணற்றையும் நம்பிய வயல்கள். கிழக்கே போகப் போக மண்ணின் குணம் மாறும், கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். கழுவெளி என்ற பரந்த உவர்நீர்ச் சதுப்பு குறுக்கே வரும். அதற்கும் அப்பால் வடகிழக்கில், கடலை ஒட்டி, மரக்காணத்து உப்பளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்பு விளையும் ஊர்களைச் சொல்லும்போது அடுத்து வரும் பெயர் மரக்காணம்.

தை பிறந்து பாத்திகளைச் சீர்செய்தால் மழைக்காலம் நெருங்கும்வரை அங்கே வேலை ஓடும். கால் உப்பு நீரில், தலை வெயிலில், கை வாருபலகையில். வெயில் ஏற ஏற உதட்டில் உப்புக் காற்று படியும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், பேச்சு குறையும். நாவறட்சி என்று மருத்துவம் சொல்கிற நிலைக்கு உப்பளத்தில் யாரும் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. வேலை என்றால் வாய் காயத்தான் செய்யும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால், உப்புக்கு மிகத் துல்லியமாகக் கணக்கு வைத்த ஒரு வரலாறு கிடைக்கிறது. அதை விளைவித்தவர்கள் குடிக்க வேண்டிய தண்ணீருக்கு அந்த வரலாற்றில் இடமில்லை.

முதலில் வாயிலிருந்தே தொடங்கலாம். காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் நாக்கின் கீழும் உள்ள மூன்று இணைச் சுரப்பிகள், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கின்றன. சோற்றை விழுங்க, சுவையை உணர, பேச, பல்லின் மேற்பரப்பைக் காக்க, வாயில் கிருமி பெருகாமல் தடுக்க எல்லாவற்றுக்கும் இது வேண்டும். உடம்பில் நீர் குறையும்போது, உயிருக்கு அவசியமான இரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில், உமிழ்நீர் சீக்கிரமே குறைந்துவிடுகிறது. இழப்பின் கனத்தை ஆளுக்கு முதலில் தெரிவிப்பது வாய்தான்.

வாய் காய்வதும் தாகமும் ஒன்றா என்ற கேள்வி விஞ்ஞானிகளையும் நெடுநாள் அலைக்கழித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் குரோனியன் சொற்பொழிவில், வாயும் தொண்டையும் உலர்வதுதான் தாகம் என்று வாதிட்டார். வாயை நனைத்தால் சற்று ஆறுதல் கிடைப்பது அவருக்குச் சான்றாகப் பட்டது. ஆனால் அந்த ஆறுதல் நிலைப்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த பெங்ட் ஆண்டர்சன், ஆடுகளின் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதிக்குள் செறிவான உப்புக் கரைசலைத் துளியளவு செலுத்தினார். தாகமில்லாமல் நின்ற ஆடுகள் உடனே தண்ணீரைத் தேடிக் குடித்தன. இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுவதை மூளை நேரடியாக உணர்கிறது, தாகத்தின் ஆணிவேர் அங்கேதான் என்பது அதிலிருந்து தெளிவானது. வியர்வையில் உப்பும் போகும், ஆனால் நீர் அதைவிட அதிக விகிதத்தில் போய்விடும். மிச்சமிருக்கும் இரத்தம் கரித்துப்போகும்.

இந்த அறிவியல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, உப்பையும் தாகத்தையும் சேர்த்தே வாழ்ந்த கரை இது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். மரக்காணத்துக்கு வடக்கே உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு அவர் வழி சொல்லும்போது, முதலில் வரும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் மரக்காணமாகவே அடையாளம் காண்கிறார்கள். அதே பாட்டில் வேறோரிடத்தில், உப்பு வணிகர்களான உமணர்களின் மாட்டு வண்டித் தொடரோடு வந்த மந்தியும், அது உமணர் பிள்ளைகளோடு விளையாடும் காட்சியும் வருகின்றன. உமணர்கள் குடும்பத்தோடு பயணம் போனவர்கள். உப்பை ஏற்றிக்கொண்டு மேற்கே பாலை நிலங்களைக் கடந்து, அதை நெல்லுக்கு மாற்றியவர்கள். வழியில் அவர்கள் சமைத்து விட்டுச் சென்ற அடுப்புக் கற்கள் அகப்பாடல்களில் இடம்பெறுகின்றன. நீர் இருக்கும் இடத்தில்தான் அந்த அடுப்பு மூட்டியிருக்க முடியும். உப்பு வண்டியின் பாதையைத் தீர்மானித்ததில் குடிநீருக்குப் பெரும்பங்கு இருந்திருக்கும்.

வழிப்போக்கரின் தாகத்தைத் தீர்ப்பது தமிழகத்தில் தனி அறமாக வளர்ந்தது. திருநாவுக்கரசர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகளைப் பெரியபுராணம் போற்றுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தலுக்கு விட்ட நிலக்கொடைகள் வருகின்றன. நீர் இறைத்து வருபவருக்கு, வார்த்துக் கொடுப்பவருக்கு, கலம் செய்து கொடுக்கும் குயவருக்கு என்று தனித்தனியே பங்கு ஒதுக்கிய கொடைகளும் உண்டு. ஒரு மிடறு தண்ணீர் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பதை அந்தக் காலம் கணக்கில் எடுத்திருக்கிறது. பந்தல்கள் நின்றவை பெரும்பாலும் சாலையிலும் கோயிலடியிலும்தான். அறத்தின் கண்ணில் தாகம் என்பது நடந்து வருகிறவரின் தாகம். அளத்தில் குனிந்து நிற்பவரின் தாகத்துக்கு அப்படியொரு பந்தல் பரவலாக உருவாகவில்லை.

ஐரோப்பியர் வந்ததும் உப்பு பெரும் வருவாயாகியது. மரக்காணத்துக்கு வடக்கே கடலோரத்தில் நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைவிப்பவர்கள் உப்பை அரசுக்கே விற்க வேண்டும், அரசு வைத்த விலையில் மக்கள் வாங்க வேண்டும். பக்கத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரியில் வரியில்லா உப்பு விளைந்தால் இந்த ஏற்பாடு நிற்காது. எனவே 1818இல் ஓர் உடன்படிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் உப்பு விளைவிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு ஈடாக ஆங்கில அரசு ஆண்டுதோறும் 4,000 வராகன் கொடுக்கும். கிளியனூரிலிருந்து சில மணி நேர நடைத் தொலைவில், ஓர் எல்லைக்கு அந்தப் புறம் அளங்களே கைவிடப்பட்டன. இந்தப் புறம் விளைந்த ஒவ்வொரு படியும் எண்ணப்பட்டது.

எண்ணிய உப்பைக் கொண்டுபோக வழியும் வெட்டினார்கள். 1806இல் சென்னைக்கு வடக்கே தோண்டத் தொடங்கிய கால்வாய் கட்டம் கட்டமாக நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877–78இல், பசியால் வாடியவர்களை நிவாரண வேலையாக இறக்கிச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரக் கரையின் பெத்தகஞ்சத்திலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் அந்தக் கால்வாயின் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன் வழியே சென்னைக்குப் போயின. கரை நெடுக ஓடிய அந்த நீரும் உவர்நீர்தான். படகு ஓட்டவும் பாத்திக்குப் பாய்ச்சவும் உதவும், தாகத்துக்கு உதவாது.

வரியின் கணக்கு இன்னும் கறாரானது. 1888இல் மணங்கு என்ற எடை ஒன்றுக்கு இரண்டரை ரூபாய். 1903இல் இரண்டு, 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய். 1923இல் சட்டமன்றம் மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் தன் அதிகாரத்தால் மறுபடியும் இரண்டரையாக்கினார். மறு ஆண்டே ஒன்றேகாலாகக் குறைத்தார்கள். அணா பைசா மாறினாலும் அரசிதழில் வந்தது. உப்புத் துறைக் காவலர்கள் அளத்தைச் சுற்றி நின்றார்கள். ஒரு கைப்பிடி உப்பு காணாமல் போனால் குற்றம். பாத்தியில் நிற்பவர் மயங்கி விழுந்தால் அதைப் பதிய அந்த நிர்வாகத்தில் ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். நாடு முழுவதும் உப்பு அரசியலானது. வரி 1947இல் நீங்கியது. அந்தப் போராட்டத்தின் மையம் உப்பை வாங்கும் ஏழையின் உரிமை; அது நியாயமான மையமும்கூட. உப்பை விளைவிக்கும் ஏழைக்கு என்ன என்ற கேள்வி விடுதலைக்குப் பிறகுதான் சட்டத்தின் வாசலுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வேலையிடத்தில் வசதியான இடங்களில் சுத்தமான குடிநீர் போதுமான அளவு வைக்க வேண்டும் என்றது. பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அங்கே ‘குடிநீர்’ என்று எழுத வேண்டும் என்றும் சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் குளிர்ந்த நீர் வேண்டும் என்றும் இருந்தது. அடுத்த பிரிவு கழிப்பறை பற்றியது. 1953இல் வந்த உப்புத் தீர்வைச் சட்டம், வசூலாகும் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் தொழிலாளர் நலனையும் சேர்த்தது.

ஆனால் உப்பளம் தொழிற்சாலையா? கூரையில்லை, சுவரில்லை, புகைபோக்கியில்லை. வெயிலும் காற்றும் செய்கிற வேலையை ‘உற்பத்தி’ என்று சொல்லலாமா? மும்பை வடாலாவில் உப்பளம் நடத்திய ஒருவர் இந்த வாதத்தோடு உச்ச நீதிமன்றம்வரை போனார். அர்தேஷிர் பிவாண்டிவாலா வழக்கு என்று பெயர்பெற்ற அதில், 1961இல் தீர்ப்பு வந்தது. திறந்த வெளியும் தொழிற்சாலை வளாகம்தான். கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான். உப்பளத்துக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும். பாத்தியில் நிற்பவர் ஒரு குவளை தண்ணீரைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேட்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஆக்கியது. அதன் எல்லையும் அதற்குள்ளேயே இருந்தது. இயந்திர விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாகத் தெரிந்தது. சிறு குத்தகையாக நாலு பாத்தியில் குடும்பத்தோடு உழைப்பவர்களும், நாளுக்கொரு அளத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்களும் அந்த எண்ணிக்கைக்குக் கீழே நழுவிவிட்டார்கள்.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்த் தொழிலாளரோடு பேசி, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். அதிகாரிகளின் அறிக்கைகளில் இடம்பெறாத உடம்புகளும் அவற்றின் வலிகளும் அதில் இடம்பெற்றன. கொப்பளிக்கும் பாதம், கூசும் கண், பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி, மறைவிடமில்லாத வேலைத்தளம். தென்கோடியைப் பற்றி எழுதிய புத்தகம்தான். ஆனால் மரக்காணத்து வெள்ளை வெளியில் நிற்கிறவர் யாரும் அதை வேற்றூர்க் கதையாகப் படிக்க முடியாது.

உப்பளத்துத் தாகம் ஏன் இவ்வளவு கடுமை? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவைத்து, மேலும் செறிவாக்கினால்தான் பரல் இறங்கும். அதற்கு வேண்டியவை உச்சி வெயில், ஈரமற்ற காற்று, மரம் மட்டையில்லாத திறந்த வெளி. உப்புக்கு எது நல்ல நாளோ அதுவே மனிதருக்குக் கொடிய நாள். மேலே சூரியன், கீழே உப்புப் பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியும் வெப்பமும். இப்படிப்பட்ட வெயிலில் கடும் வேலை செய்பவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்வையாக இழக்க முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை ஆராய்ந்த எட்வர்டு அடால்ஃப் குழு, 1947இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டியது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும், வெயிலில் உழைப்பவர்கள் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை. தாகம் எப்போதும் பின்தங்கியே வருகிறது. வயது கூடினால் இன்னும் பின்தங்குகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பாட்டிலை நம்பி நிற்பவருக்கு நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்களின் நிலை இதிலும் மோசம். கழிப்பறை இல்லாத, ஒரு புதர்கூட இல்லாத வெளியில், சிறுநீர் கழிக்க நேரும் என்பதற்காகவே அவர்கள் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். தூத்துக்குடிப் பெண்கள் இதைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். தாகம் எடுக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, ஆனாலும் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் எரிச்சலும் அதன் விலை. இங்கே வாய் வறட்சியைத் தீர்க்கும் முதல் மருந்து கழிப்பறை.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வெப்பமும் தொழிலாளர் உடல்நலமும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பானது என்று வகுத்த வெப்ப அளவைத் தாண்டி உழைத்தார்கள். ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து மாண்ட செய்திக்குப் பிறகு உலகம் இந்தத் தொடர்பைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. அங்கே தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த திட்டம் மூன்றே சொற்கள்: தண்ணீர், ஓய்வு, நிழல்.

வாய் வறட்சிக்கு வெயில் மட்டுமே காரணமில்லை என்பதையும் கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகள், தலை கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் விவரித்த, உடலே தன் சுரப்பிகளைத் தாக்கும் நோய் என்று பல காரணங்கள் உண்டு. நிழலில் இருந்து, வேண்டிய அளவு குடித்த பிறகும் வாரக்கணக்கில் வாய் காய்ந்தால், உலர்ந்த சோறு இறங்காமல் சிக்கினால், பல் வேகமாகச் சொத்தையானால், அதை உப்பளத்து வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. வாய் காய்கிறதே என்று புகையிலையை அடக்கிக்கொள்வது உமிழ்நீரை ஊறவைப்பதுபோலத் தோன்றும். புற்றுக்கு அது நேர்வழி. பழைய சோற்றின் நீராகாரமும் உப்பிட்ட நீர்மோரும் நீரையும் உப்பையும் சேர்த்தே திருப்பித் தருபவை. இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வரலாற்றில் கிளியனூர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. வானூர் வட்டாரத்து நிலத்தடி மணற்பாறைகள் டைனோசர்கள் காலத்தில் படிந்தவை. அவற்றில் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் இந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கின்றன. இறைப்பு மிஞ்சினால் கடலோரத்தின் உவர் உள்ளே நகரும் என்ற கவலை ஆய்வாளர்களுக்கு நெடுநாளாக உண்டு. மேற்கே ஏரிகளில் மழைநீர் தங்கி, மிச்சம் கழுவெளிக்கு வடிந்தால் உவர் தள்ளி நிற்கும். கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலமாகவும் ஆனது. கூழைக்கடாவுக்கும் பூநாரைக்கும் கிடைத்த அந்தக் கவனம், அதே நீர்ப்பிடிப்பின் கரையில் உழைப்பவரின் குடத்துக்கும் வந்து சேர வேண்டும்.

அரசு அசையவில்லை என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர்வரை, வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. 2022இல் அரசின் உப்பு நிறுவனம் ‘நெய்தல் உப்பு’ என்ற பெயரில் விற்பனையையும் தொடங்கியது. இரண்டும் வேலையில்லாத மாதங்களையும் விற்பனையையும் பார்க்கின்றன. பார்க்கப்படாமல் இருப்பது பங்குனிக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட வேலை நாள். குத்தகை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே, எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர் குடிநீர், பாத்தியிலிருந்து எவ்வளவு தொலைவில், எத்தனை நிழற்கூரை, பெண்களுக்கு எத்தனை கழிப்பறை என்று எழுதிச் சேர்க்க முடியும். தொழிலாளர் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது பொருந்தும் என்று ஒரு வரி கூடுதலாக எழுத முடியும். மரக்காணத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆண்டுக்கு இருமுறை, பாத்தி வேலை தொடங்கும்போதும் முடியும்போதும், உப்பளத் தொழிலாளரின் இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துப் பதிவு வைக்கலாம். ஒரு மணங்கு உப்புக்கு அணாக்கணக்கில் வரி வசூலித்த ஒரு கரையில், இந்தக் கணக்கை வைப்பது எந்த நிர்வாகத்துக்கும் கடினமான காரியமாக இருக்க முடியாது.